வெயில் தின்னும் புல்: வாசகர் கேள்வி பதில்

போன இரண்டு மாதத்தில் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லான் பற்றித்தான். அதனால் இந்த முறை ரோஜா, மாடித் தோட்டம் எல்லாவற்றையும் ஒத்திவைத்துவிட்டு முழுப் பகுதியையும் புல்லுக்கே கொடுத்துவிட்டேன். மாசி பிறந்துவிட்டது, மூன்று மாதத்துக்குள் கத்திரி வெயில் வந்துவிடும், புல்லுக்கு வருடக் கணக்கு தொடங்குவதும் இப்போதுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே பல பதில்களிலும் இதுதான் திரும்பத் திரும்ப வரும். நம் சமவெளி லான்களில் இருப்பவை எல்லாம் வெப்பகாலப் புல். அருகு இனமான பெர்முடா, கொரியன் புல், அகல இலை கொண்ட பஃபலோ புல், எதுவானாலும் 27 முதல் 35 டிகிரி வரையான வெப்பத்தில்தான் நன்றாகச் சாப்பிட்டு நன்றாக வளரும். மண் வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே போனால் உறங்கப் போய்விடும். சென்னை, மதுரை மண் அவ்வளவு குளிர்வதே இல்லை, அதனால் மார்கழியில் இங்கே புல் உறங்காது, வேகம் மட்டும் குறையும். வளரும்போது சாப்பாடு, மெதுவாக இருக்கும்போது ஓய்வு. வந்திருக்கும் கடிதங்களில் நான் பார்த்த கேடுகளில் பெரும்பகுதி நல்ல காரியத்தைத் தப்பான மாதத்தில் செய்ததால் வந்தவை.

கே: வாசலில் 600 சதுர அடி லான். பெர்முடா என்று சொல்லி நர்சரியில் போட்டுக் கொடுத்தார்கள். தினமும் மாலை பத்து நிமிடம் ஹோஸ் பிடிக்கிறேன். ஆனாலும் ஏப்ரல் கடைசியில் காய ஆரம்பித்து மே மாதம் பாதி லான் வைக்கோல் மாதிரி ஆகிவிடுகிறது. போன மே மாதம் யூரியா போட்டேன், இன்னும் மோசமானது. இந்த வருடமாவது காப்பாற்ற வழி உண்டா ஐயா?
– வாசகி, தாம்பரம்

ப: உண்டும்மா, நிச்சயம் உண்டு. பெர்முடாவுக்கு வெயில் பகையில்லை, உங்கள் லானைக் காய வைத்தது அந்தப் பத்து நிமிடம்தான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் என்றால் அது ஒரு லிட்டர். 600 சதுர அடி என்பது ஏறக்குறைய 56 சதுர மீட்டர். உங்கள் குழாயில் 15 லிட்டர் வாளி நிரம்ப ஒரு நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால் பத்து நிமிடத்துக்கு 150 லிட்டர், அதாவது மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. அது புல்லின் அடியில் இருக்கும் சருகை நனைக்கும், மேல் மண்ணில் கால் அங்குலம் இறங்கும், மறுநாள் காலை பத்து மணிக்குள் ஆவியாகிவிடும். தண்ணீர் மேலேயே கிடைப்பதால் வேரும் மேலேயே நின்றுவிடும். ‘ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி’ என்று வாழ்த்துகிறோமே, அந்த அருகின் வேர் ஓட வேண்டுமென்றால் ஈரம் கீழே இருக்க வேண்டும்.

இப்போதிலிருந்தே பழக்கத்தை மாற்றுங்கள். தினமும் விடுவதை நிறுத்திவிட்டு, மாசி பங்குனியில் வாரத்துக்கு ஒரு முறை, அதிகம் போனால் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 12 மில்லிமீட்டராவது போகும்படி விடுங்கள். உங்கள் அளவுக்கு அது 670 லிட்டர், அந்தக் குழாயில் முக்கால் மணி நேரம். கையில் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது, ஒரு சின்ன ஸ்பிரிங்க்ளர் வாங்கிப் போட்டுவிடுங்கள். எவ்வளவு விழுகிறது என்று பார்க்க, நேரான பக்கம் கொண்ட நாலைந்து டப்பாக்களை லானில் அங்கங்கே வைத்து ஸ்கேலால் அளந்தால் போதும், ஒரு மூலையில் நிறையவும் இன்னொரு மூலையில் குறைவாகவும் விழுவது அப்போதுதான் கண்ணில் படும். விட்டு முடித்துச் சில மணி நேரம் கழித்து நீளமான ஸ்க்ரூடிரைவரை மண்ணில் குத்திப் பாருங்கள், நாலைந்து அங்குலம் சிரமமில்லாமல் இறங்க வேண்டும். அடுத்த தண்ணீர் எப்போது என்பதைப் புல்லே சொல்லும்: நடந்தால் காலடித் தடம் எழும்பாமல் அப்படியே நிற்கும், பச்சை நிறம் சாம்பல் பூத்தாற்போல் மங்கும். அன்றோ மறுநாள் விடியற்காலையோ விடுங்கள். மே மாதத்தில் இது மூன்று நாளைக்கு ஒரு முறை வரும். மாலையில் விட்டால் இரவு முழுக்க இலை ஈரமாகக் கிடக்கும், பூஞ்சை வர அது போதும்.

அப்புறம் வெட்டும் உயரம். தோட்டக்காரர் மாதம் ஒரு முறை வந்து தரையோடு ஒட்ட வழித்துவிட்டுப் போகிறாரா? பல வீடுகளில் அதுதான் நடக்கிறது. ஒரே வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. எடுத்தால் உணவு சமைக்கும் இலை போய்விடுகிறது, மிச்சமிருக்கும் தண்டு வெயிலில் வெந்துவிடுகிறது. சாதாரண பெர்முடாவுக்கு மற்ற நாட்களில் மூன்று சென்டிமீட்டர் வைத்தால் சரி, சித்திரையிலிருந்து நான்கு, நாலரை வரை ஏற்றிவிடுங்கள். இலை நிழல் மண்ணில் விழுந்தாலே ஈரம் ஒரு நாள் கூடுதலாக நிற்கும். மெஷினின் பிளேடைத் தீட்டி வைக்கச் சொல்லுங்கள். வெட்டிய மறுநாள் நுனியெல்லாம் வெள்ளையாகக் கிழிந்து தெரிந்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம்.

யூரியாவைப் பொறுத்தவரை, பத்துக்குப் பத்து, அதாவது 100 சதுர அடிக்கு ஒரு தடவைக்கு 100 கிராம், அதற்கு மேல் வேண்டாம். உங்களுக்கு 600 கிராம். மணலோடு கலந்து, இலை உலர்ந்திருக்கும்போது தூவி, உடனே நன்றாகத் தண்ணீர் விட்டுவிட வேண்டும். இந்த மாசிக் கடைசியில் ஒரு முறை, கத்திரி முடிந்து இரண்டு மூன்று மழை விழுந்த பிறகு ஆனி ஆடியில் ஒரு முறை, செப்டம்பர் நடுவில் ஒரு முறை. தண்ணீர் பற்றாமல் தவிக்கும் புல்லுக்கு மே மாதத்தில் யூரியா போட்டால் அந்த உப்பு வேரிலிருந்து இருக்கிற ஈரத்தையும் இழுத்துவிடும். உங்களுக்குப் போன வருடம் நடந்தது அதுதான்.

தண்ணீரே இல்லாத வருடம் வந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். 2019-இல் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு கிடந்தபோது என் வீட்டு லானுக்கு நான் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டேன், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை துணி அலசிய கடைசித் தண்ணீரை மட்டும் கணு சாகாத அளவுக்கு ஊற்றினேன். முழுக்கப் பழுத்துக் கிடந்தது, பார்க்கவே கஷ்டமாக இருந்தது. மழை வந்ததும் கணுவிலிருந்தும் மண்ணுக்குள் கிடந்த வேர்த்தண்டிலிருந்தும் மறுபடி பச்சை வந்துவிட்டது. மனிதருக்குக் குடிக்க இல்லாதபோது புல்லைக் காய விடுங்கள். அருகு இனத்துக்கு அந்த வலிமை இருக்கிறது. அந்த நாட்களில் அதன்மேல் நடக்காமல், வெட்டாமல், உரம் போடாமல் இருந்தால் போதும்.

கே: கொரியன் புல் போட்டு நாலு வருடம் ஆகிறது. இப்போது தரை மேடு மேடாக, கால் வைத்தால் மெத்தை மாதிரி அமுங்குகிறது. மேடுகளை வெட்டினால் உள்ளே ஒரே பழுப்பு. மறுபடி பிடுங்கிப் போட வேண்டியதுதானா?
– வாசகர், கோவை

ப: பிடுங்க வேண்டாம். நர்சரியில் கொரியன் என்று தரும் அந்த மெல்லிய இலைப் புல் மெதுவாக வளரும், தன்மேலேயே தான் ஏறிப் படுத்துக்கொள்ளும். பக்கத்தில் பரவ இடமில்லாதபோது மேலே குவிகிறது. அடியில் மக்காத தண்டும் சருகும் சேர்ந்து ஒரு பாய் மாதிரி ஆகிவிடும். அந்தப் பாய் அரை அங்குலத்துக்கு மேல் போனால் தண்ணீரும் உரமும் மண்ணுக்கு இறங்காது.

வேலையை இப்போது, அல்லது தென்மேற்குக் காற்றும் சாரலும் தொடங்கும் ஜூனில் செய்யுங்கள். கார்த்திகை மார்கழியில் தொட வேண்டாம், பழுப்பைத் திறந்து வைத்தால் மூடிக்கொள்ள அந்த மாதங்களில் புல்லுக்குத் தெம்பு இருக்காது. மெஷினை முதலில் உயரத்தில் வைத்து வெட்டி, பத்து நாள் இடைவெளியில் ஒவ்வொரு படியாக இறக்குங்கள். பெரிய மேடுகளை மட்டும் பழைய கத்தியால் கூட்டல் குறி போலக் கீறி, நடுவில் விரல் அகலத்துக்குத் துண்டாக எடுத்துவிட்டு, இரண்டு பக்கத்தையும் மிதித்துச் சேர்த்துவிடலாம். இரும்புப் பல் உள்ள வாரியால் சருகை வாரி எடுத்த பிறகு, சலித்த மக்கு உரமும் மணலும் சமமாகக் கலந்து கால் அங்குலத்துக்கு மேல் போகாமல் தூவித் துடைப்பத்தால் பரப்புங்கள். இலை நுனி மேலே தெரிய வேண்டும், புதைத்துவிடக் கூடாது. ஆறேழு வாரம் பார்க்கச் சுமாராகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் புல்லுக்குப் பெர்முடாவுக்குப் போடுவதில் பாதி யூரியா போதும். நிறையப் போட்டதால்தான் நாலே வருடத்தில் இவ்வளவு குவிந்தது என்று நினைக்கிறேன்.

கே: கடற்கரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். போர் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும். லான் எவ்வளவு உரம் போட்டாலும் மஞ்சளாகவே இருக்கிறது. தளிர் இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடையில் மஞ்சளாகவும் இருக்கிறது. ஆர்.ஓ. மெஷினில் வெளியேறும் தண்ணீரையும் வீணாக்காமல் லானுக்கே விடுகிறோம்.
– வாசகி, நாகப்பட்டினம்

ப: நரம்பு பச்சை, இடையில் மஞ்சள் என்று கவனித்து எழுதியிருக்கிறீர்களே, பாதி வேலை முடிந்துவிட்டது. தழைச்சத்து குறைந்தால் முதலில் அடியிலுள்ள பழைய இலைகள் ஒரே சீராக வெளுக்கும். தளிரில் கோடு கோடாக மஞ்சள் என்றால் இரும்புச்சத்து. மண்ணில் இரும்பு இருந்தாலும், காரத் தன்மை அதிகமானால் வேரால் அதை எடுக்க முடியாது. இதற்கு யூரியா போடப் போட வளர்ச்சி கூடி மஞ்சளும் கூடும்.

நாட்டு மருந்துக் கடையிலும் உரக்கடையிலும் அன்னபேதி என்று கிடைக்கும், அதுதான் ஃபெரஸ் சல்ஃபேட். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி, கூடவே ஒரு கிராம் எலுமிச்சை உப்பு. முதலில் எலுமிச்சை உப்பைக் கரைத்துவிட்டு அதில் அன்னபேதியைப் போடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் தண்ணீரில் அது துருவாகிப் படிந்துவிடும். முடிந்தால் மழைநீரில் கரையுங்கள். 1,000 சதுர அடிக்குப் பத்து லிட்டர் கலவை, வெயில் தாழ்ந்த பிறகு இலைமேல் தெளிக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் நிறம் திரும்புவதைக் கண்ணால் பார்ப்பீர்கள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை திரும்பச் செய்யலாம். டைல்ஸ், சிமென்ட் தரை, வெள்ளைச் சுவர் மேல் பட்டால் துருக்கறை பிடித்துவிடும், லேசில் போகாது, தெளிக்கும் முன்பே ஓரத்தை நனைத்து வையுங்கள்.

ஆர்.ஓ. கழிவுநீரை நிறுத்திவிடுங்கள். வீணாக்கக் கூடாது என்ற உங்கள் எண்ணம் நல்லதுதான், ஆனால் ஏற்கெனவே உப்பான தண்ணீரின் உப்பு முழுவதும் அந்தக் கழிவில்தான் திரண்டு வருகிறது. தரை துடைக்க, கழிப்பறைக்கு, வாசல் கழுவப் பயன்படுத்துங்கள். கோடையில் மாதம் ஒரு முறை, வழக்கமாக விடுவதைவிட இரண்டு பங்கு தண்ணீர் ஒரே மூச்சில் விட்டு உப்பை வேருக்குக் கீழே தள்ள வேண்டும், கரிக்கும் தண்ணீரானாலும் இது உதவும். ஜிப்சம் போடச் சொல்லி யாராவது சொன்னால் முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள், வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ செய்து தருவார்கள். சோடியம் மிகுந்த மண்ணுக்கு ஜிப்சம் நல்ல மருந்து, மற்றபடி அது உப்பைக் குறைக்காது. யூரியாவுக்குப் பதில் அம்மோனியம் சல்ஃபேட் போடுங்கள், 100 சதுர அடிக்கு 225 கிராம், அது மண்ணின் காரத்தையும் கொஞ்சம் தணிக்கும்.

பெர்முடா உப்பைத் தாங்கும் புல்தான். அதையும் மீறிப் போனால் கடலோரத்துக்கென்றே இருக்கும் பாஸ்பாலம் புல்லை விசாரியுங்கள், கடற்கரை கோல்ஃப் மைதானங்களில் அதைத்தான் விரும்பிப் போடுகிறார்கள்.

கே: மாமரத்தடியில் மூன்று முறை பெர்முடா பத்தை (வேரும் மண்ணுமாகப் பெயர்த்த புல் பாய்) போட்டுவிட்டேன். மூன்று முறையும் போய்விட்டது. என்ன உரம் போடலாம்?
– வாசகர், சேலம்

ப: எந்த உரமும் வேண்டாம், நான்காவது முறை போடவும் வேண்டாம். பெர்முடாவுக்குத் தினம் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். கிளைகளைக் கவாத்து செய்த பிறகு மூன்று நான்கு மணி வெயில் விழுகிறது என்றால் பஃபலோ புல் போட்டு ஏழு சென்டிமீட்டர் உயரம் வைத்து வெட்டிப் பாருங்கள். அதுவும் விழாத இடத்தில் மாஞ்சருகையே பரப்பி, ஒரு கல் பெஞ்சு போட்டு உட்காருங்கள். மாமரத்தடிக்கு அதைவிட நல்ல அலங்காரம் எனக்குத் தெரியவில்லை.

கே: லான் முழுக்கக் கோரை. ஆள் வைத்துப் பிடுங்கினால் பத்தே நாளில் இரண்டு மடங்காக வருகிறது. களைக்கொல்லி கேட்டால் கடையில் கிளைபோசேட் கொடுக்கிறார்கள். அடிக்கலாமா?
– வாசகி, மதுரை

ப: அடித்துவிடாதீர்கள். கிளைபோசேட்டுக்குக் கோரை, புல் என்ற பேதம் கிடையாது, லானையும் சேர்த்துக் கொன்றுவிடும். தவிர, உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆணை பிறப்பித்தது.

கோரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, அத்தனை வருடம் அதோடு போராடியிருக்கிறேன். முதலில் அது கோரைதானா என்று பாருங்கள். பூத்தண்டை விரலிடுக்கில் உருட்டினால் மூன்று பட்டையாகத் தடுக்கும், புல்லின் தண்டு உருண்டையாகவோ தட்டையாகவோ இருக்கும். மேலே தெரியும் ஒரு செடிக்குக் கீழே, நூல் போன்ற தண்டில் மணி கோத்தாற்போல் கிழங்குகள் வரிசையாக இருக்கும். குளியல் பொடியில் சேர்க்கிறோமே, அதே கோரைக்கிழங்குதான். மேலே பிடித்து இழுத்தால் இலை மட்டும் கையோடு வரும், கிழங்கு கீழேயே தங்கும், அதோடு மேல்முளை போனதும் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த கண்களும் கிழங்குகளும் முளைத்துவிடும். நீங்கள் பார்த்த இரண்டு மடங்கு அதுதான்.

சரி, பிடுங்குவதே வீணா? இல்லை. எப்போதாவது பிடுங்குவதுதான் வீண். ஒவ்வொரு முளைக்கும் கிழங்கு தன் சேமிப்பிலிருந்து செலவு செய்கிறது. இலை விட்டு இரண்டு மூன்று வாரத்தில் வரவு தொடங்கி, புதுக் கிழங்கும் போட ஆரம்பித்துவிடும். அதற்கு முன்பே, வாராவாரம், மண் ஈரமாக இருக்கும்போது சின்னக் களைக்கொத்தியால் கிழங்கோடு நெம்பி எடுத்தால் சேமிப்பு கரைந்துகொண்டே போகும். 200, 300 சதுர அடி லானில் ஒரு முழு வளர்பருவம் விடாமல் செய்தால் பெரிய அளவில் குறைந்துவிடும். எடுத்த கிழங்கை மக்கு உரக் குழியில் போடாதீர்கள், வெயிலில் நன்றாகக் காய வைத்துக் குப்பைக்கு அனுப்பிவிடுங்கள்.

பெரிய லான் என்றால் ஹாலோசல்ஃப்யூரான் மீத்தைல் என்ற மருந்து இருக்கிறது, கரும்பிலும் மக்காச்சோளத்திலும் கோரைக்கு அடிப்பது, பெர்முடாவையும் கொரியன் புல்லையும் அது கெடுக்காது. விவசாயிகள் வாங்கும் மருந்துக் கடையில் கேளுங்கள், அளவை உறை மேல் உள்ளபடியே எடுங்கள், ஒரு சொட்டும் கூட்ட வேண்டாம். கோரை நாலைந்து இலை விட்டுத் தீவிரமாக வளரும்போது அடிக்க வேண்டும். அடிப்பதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் லானை வெட்டாதீர்கள். ஒரு வாரம் ஒன்றுமே நடக்காதது போல் இருக்கும், அவசரப்பட்டு மறுபடி அடித்துவிடக் கூடாது, மெல்ல மஞ்சளாகி மூன்று வாரத்தில் சாயும். மிஞ்சியதற்கு ஆறேழு வாரம் கழித்து இன்னொரு முறை. பூச்செடி, காய்கறிப் பாத்தி பக்கம் சாரல் படக் கூடாது.

கோரை எங்கிருந்து வந்தது என்பதையும் யோசியுங்கள். லானுக்கு மேல்மண் தூவுகிறேன் என்று கண்மாய் வண்டலும் ஆற்று மணலும் கொண்டுவந்து கொட்டும்போது கிழங்கும் கூடவே வருகிறது. மண்ணை இரண்டு வாரம் நனைத்து ஓரமாக வைத்திருந்து, முளைத்ததைப் பொறுக்கி எடுத்த பிறகு லானுக்குக் கொண்டுபோங்கள். கோரைக்கு நிழல் ஆகாது. நன்றாகச் சாப்பிட்டு அடர்ந்து நிற்கும் புல்லுக்கு நடுவே அது திணறும், தரையோடு வழித்த லானில்தான் கொண்டாட்டம் போடும்.

கே: ஐப்பசி மழைக்குப் பிறகு லானில் வட்ட வட்டமாகப் பழுப்பு. ஒரு இடத்தில் இலைமேல் சாம்பல் பொடி மாதிரி ஏதோ. மைனாக்கள் வேறு கூட்டமாக வந்து கொத்துகின்றன.
– வாசகர், கும்பகோணம்

ப: மூன்றும் வேறு வேறு விஷயம். சாம்பல் பொடியை முதலில் மறந்துவிடுங்கள், அடைமழைக்குப் பிறகு இலைமேல் ஏறி உட்காரும் ஒரு பூசணம், புல்லைத் தின்னாது, துடைப்பத்தால் தட்டிவிட்டால் போய்விடும்.

மைனாவை நம்புங்கள், அது காரணமில்லாமல் வராது. ஒரு நாலு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்து ஒரு சதுர மீட்டரில் ஊற்றிவிட்டு ஐந்து பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். புல்லைத் தின்னும் புழு இருந்தால் எரிச்சல் தாங்காமல் மேலே ஏறி வரும். ஒன்றிரண்டு என்றால் மைனாவுக்கே விட்டுவிடலாம், பத்துப் பதினைந்து வந்தால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் கலந்த உயிரி மருந்தை மாலையில் தெளியுங்கள். புல்லைப் பிடித்து இழுத்தால் வேரில்லாமல் பாய் மாதிரி சுருண்டு வந்தால் அது மண்ணுக்குள் இருக்கும் வெள்ளை வேர்ப்புழு, அதற்குச் சோப்பு பலிக்காது, மண்ணைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

வட்டப் பழுப்பு பூஞ்சை. விளிம்பிலுள்ள புல்லை இழுத்தால் அடித்தண்டு அழுகி எளிதாகக் கையோடு வரும். டெல்டா களிமண்ணில் மழைநீர் நின்றால் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஐப்பசி கார்த்திகையில் தழைச்சத்து போடவே கூடாது, போட்டால் பாதி மழையோடு ஓடிவிடும், மீதி இளந்தழையாக மாறிப் பூஞ்சைக்கு விருந்தாகும். அதற்குப் பதில் செப்டம்பரில் 100 சதுர அடிக்கு 75 கிராம் பொட்டாஷ் போட்டு வையுங்கள், தண்டு கெட்டிப்படும். ஈரப் புல்லை வெட்டாதீர்கள், நோய் வந்த பகுதியைக் கடைசியில் வெட்டி, வெட்டியதை வாரி வெளியேற்றுங்கள். பரவிக்கொண்டே போனால் புரொப்பிகோனசோல் என்னும் பூஞ்சைக்கொல்லியை, லிட்டருக்கு ஒரு மில்லி கலந்து, வட்டத்துக்கு வெளியே ஒரு அடி வரை நனைய ஊற்றுங்கள்.

ஆனால் உங்களுக்கு உண்மையான வேலை ஆடிக்கு முன்னால்தான் இருக்கிறது: கடப்பாரையோ தோட்ட முள்கரண்டியோ கொண்டு அரை அடிக்கு ஒரு குத்து, நாலு அங்குலம் ஆழம், அந்தத் துளைகளில் மணலும், டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சை கலந்த மக்கு உரமும். தண்ணீர் வடிய வழி செய்யாமல் மருந்து மட்டும் ஊற்றினால் அடுத்த ஐப்பசியிலும் இதே கடிதத்தைத்தான் எழுதுவீர்கள்.

கே: அமெரிக்காவில் டாலஸில் வீடு வாங்கி முதல் குளிர்காலம். பெர்முடா புல் டிசம்பரிலிருந்து முழுக்கப் பழுப்பாகக் கிடக்கிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, புல் செத்துவிட்டது என்று தினமும் தண்ணீர் ஊற்றுகிறார். கடையில் களைக்கொல்லியும் உரமும் கலந்த மூட்டை இப்போதே விற்கிறார்கள், வாங்கிப் போட்டுவிடவா?
– வாசகர், டாலஸ்

ப: அம்மாவிடம் சொல்லுங்கள், புல் தூங்குகிறது. நம் அருகம்புல்தான் அது, அங்கே நவம்பர் உறைபனியில் இலையை விட்டுவிட்டு வேர்த்தண்டிலும் கணுவிலும் உயிரை வைத்துக்கொண்டு படுத்துவிடும். ஒரு கொத்தைப் பிரித்துத் தரையோடு ஒட்டிய தண்டைப் பாருங்கள், உள்ளே வெளிர்பச்சையோ வெள்ளையோ இருந்து, வளைத்தால் வளைந்தால் உயிரோடு இருக்கிறது. மூன்று நான்கு வாரம் மழையே இல்லை என்றால் ஒரு முறை தண்ணீர் விட்டால் போதும். தினமும் ஊற்றினால் குளிர்காலக் களைகள்தான் பிழைக்கும்.

அந்த மூட்டையை இப்போது வாங்காதீர்கள். தூங்கும் புல்லால் சாப்பிட முடியாது. அதோடு, பிப்ரவரிக் கடைசியில் ஒரு வெயில் வாரம் வரும், உரத்தின் தூண்டுதலில் புல் துளிர்த்துவிடும், மார்ச் நடுவில் வரக்கூடிய கடைசி உறைபனி அந்தத் துளிரைக் கருக்கிவிடும். உரமில்லாத, முளைக்கும் முன்பே தடுக்கும் களைக்கொல்லி தனியாகக் கிடைக்கும், புரோடயமின் அல்லது பெண்டிமெத்தலின் என்று உறையில் இருக்கும். மேல்மண் வெப்பம் தொடர்ந்து சில நாள் 55 டிகிரி பாரன்ஹீட்டைத் தொடுவதற்குள், அதாவது உங்கள் ஊரில் பிப்ரவரிக் கடைசி, மார்ச் தொடக்கத்துக்குள் அதைப் போட்டுத் தண்ணீர் விட்டுவிடுங்கள். நண்டுக்கால் புல் என்னும் களை முளைப்பது அந்த வெப்பத்தில்தான். ஆனால் இந்த வசந்தத்தில் வெற்றிடத்தில் விதை தூவும் எண்ணம் இருந்தால் இதைப் போடாதீர்கள், நீங்கள் தூவும் விதையையும் அது முளைக்க விடாது.

அதே சமயத்தில் ஒரு முறை மட்டும் மெஷினைத் தாழ வைத்துக் காய்ந்த பழுப்பை வழித்து எடுத்து அள்ளிவிடுங்கள். நம் ஊரில் கூடாது என்று மேலே நான் திட்டிய அதே காரியம், உறங்கி எழும் பெர்முடாவுக்கு நல்லது, மண்ணில் வெயில் பட்டு ஒன்றிரண்டு வாரம் முன்னதாகவே பச்சை வரும். புல் முழுக்கப் பச்சையாகி இரண்டு மூன்று முறை வெட்டிய பிறகு, ஏப்ரல் நடுவில், முதல் உரம். செப்டம்பர் நடுவுக்குப் பிறகு தழைச்சத்தை நிறுத்திவிட்டு, குளிர்காலக் களைக்கான தடுப்பு மருந்தை அப்போது ஒரு முறை போடுங்கள். பக்கத்து வீட்டில் ரை புல் விதைத்துக் குளிர்காலமும் பச்சையாக வைத்திருப்பதைப் பார்த்து ஆசை வரும். அது ஏப்ரல் மே வரை போகாமல் நின்று, விழித்தெழும் பெர்முடாவோடு வெயிலுக்கும் தண்ணீருக்கும் போட்டி போடும். முதல் வருடம் வேண்டாம் என்பது என் கருத்து.

கே: குன்னூரில் ஜனவரியில் உறைபனி விழுந்த காலைகளில் புல்லில் நடந்த இடமெல்லாம் கால் தடம் கறுப்பாகப் பதிந்துவிட்டது. பரவாயில்லையா?
– வாசகி, குன்னூர்

ப: உறைந்த இலை கண்ணாடி மாதிரி, மிதித்தால் உள்ளே செல்கள் உடைந்துவிடும். இலைதான் போயிருக்கும், கிக்குயூ புல்லாக இருந்தால் கீழே தடித்த தண்டு பத்திரமாக இருக்கும், மார்ச்சில் மூடிக்கொள்ளும். அடுத்த வருடம் உறைபனிக் காலையில் வெயில் ஏறும்வரை யாரையும் இறங்க விடாதீர்கள். சூரியன் எழும் முன்பே தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிடுவதும் உதவும், ஊட்டி தாவரவியல் பூங்காவில் புல்வெளிக்கு இப்படித்தான் செய்கிறார்கள். வெட்டுவதை நவம்பரிலேயே நிறுத்திவிடுங்கள்.

கே: திருச்சியில் வீடு கட்டி முடியும் நிலை. முன்பக்கம் லான் போட ஒருவர், பத்தை விரித்தால் ஒரே நாளில் பச்சை என்கிறார். ஏப்ரலில் கிரகப்பிரவேசம். போட்டுவிடலாமா?
– வாசகர், திருச்சி

ப: ஒரே நாளில் பச்சை வரும், அது உண்மைதான். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். கட்டடம் கட்டிய இடத்தில் சிமென்ட் கட்டி, செங்கல் துண்டு, சுண்ணாம்பு, பெயின்ட் கழுவிய தண்ணீர் எல்லாம் மண்ணில் இருக்கும். அதன்மேல் இரண்டு அங்குலம் செம்மண்ணைப் பரப்பிப் பத்தையை விரித்துவிட்டுப் போய்விடுவார்கள். முதல் கோடையிலேயே அது தெரிந்துவிடும். ஒரு அடி ஆழத்துக்குத் தோண்டி இடிபாட்டை எல்லாம் அள்ளிவிட்டு, செம்மண், மணல், நன்றாக மக்கிய தொழு உரம் கலந்து நிரப்ப வேண்டும். வீட்டிலிருந்து வெளிப்பக்கம் லேசான சரிவு, பத்து அடிக்கு இரண்டு அங்குலம். நிரப்பிய மண்ணை இரண்டு மூன்று வாரம் நனைத்து வைத்தால் களைகள் முளைக்கும், எடுத்துவிடலாம், மண்ணும் படியும்.

இந்த வேலையை இன்றே தொடங்கினால் பங்குனி முதல் வாரத்துக்குள் பத்தை போட்டுவிடலாம், கத்திரிக்கு முன் வேர் பிடிக்க ஆறேழு வாரம் கிடைக்கும். முதல் இரண்டு வாரம் மட்டும் தினமும் இரண்டு முறை தண்ணீர், அதன்பின் மெல்ல இடைவெளியைக் கூட்டுங்கள். பத்தையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, தூக்க வராமல் மண்ணைப் பிடித்துக்கொண்டால்தான் முதல் வெட்டு. மண் வேலை மார்ச் நடுவுக்குள் முடியாது என்று தெரிந்தால் கிரகப்பிரவேசத்துக்கு வெறும் மண்ணில் கோலம் போட்டுப் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்துவிடுங்கள், புல்லை ஆடியில் போடலாம். அப்போது பத்தைகூட வேண்டாம், கணுவுள்ள துண்டுகளாக வாங்கி மூன்று நான்கு அங்குல இடைவெளியில் நட்டால் செலவு பாதிக்கும் கீழே வரும், ஐப்பசி மழைக்குள் தரை மூடிவிடும்.